கொழுந்து மடுவத்து உப்பு டின்

அந்த வெள்ளைப் பளிங்கு கறியுப்பு இல்லை என்பது எனக்கு வெள்ளிக்கிழமையே தெரிந்துபோனது. கம்பி நுனியை ஈரமாக்கி, அதில் ஒரு பரலை ஒட்டவைத்து, மதுசார விளக்கின் சுவாலையில் காட்டினேன். கறியுப்பாக இருந்தால் தெருவிளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்திருக்க வேண்டும். எரிந்தது பச்சை. இளங்கொழுந்தின் பச்சை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, நான் போத்தலை எட்டத் தள்ளி வைத்தேன்.

உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறும் வந்து, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று காத்திருந்த மாதங்கள் அவை. வீட்டில் சும்மா இருப்பது எனக்கு வராத வித்தை. ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஓர் ஆய்வுகூடம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். குழாய் இருந்தது, எரிவாயு அடுப்பு இருந்தது, வேறெங்கோ இருந்து வந்த பழைய அலமாரி ஒன்றும் அது நிறையப் போத்தல்களும் இருந்தன. எதில் என்ன இருக்கிறது என்று பார்த்து அடுக்கத்தான் ஆளில்லை. நானே போய் நின்றேன்.

விஞ்ஞானம் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே ஒரு சின்ன குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். நல்ல மனிதர், நன்றாகப் படிப்பிப்பவர். எங்கள் பள்ளிக்கூடத்திலும் உயர்தர விஞ்ஞானம் தொடங்கிவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் போத்தலைப் பற்றிக் கேட்டபோது அவர் அதைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

அது ஒரு ஜாம் போத்தல். அலமாரியின் மேல்தட்டில், மருந்துப் போத்தல்களின் நடுவே, விருந்துக்கு வந்த அந்நியன் மாதிரி நின்றது. கழுத்துவரை வெள்ளைப் பரல்கள். வெளியே ஒட்டியிருந்த காகிதத்தைக் கரப்பான் பூச்சிகள் தின்று தீர்த்திருந்தன. கோதுமை மா கிண்டிய பசையில் ஒட்டினால் அப்படித்தான். எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"சேர், இது என்ன?"

"அதுவோ? கறியுப்பு. பிள்ளையளுக்குப் பளிங்கு வளத்துக் காட்டுறதுக்கு வைச்சிருந்தனான்."

சொல்லிவிட்டுப் பண்டாரவளையில் ஏதோ கூட்டம் என்று அவசரமாக பஸ் பிடிக்கப் போய்விட்டார். கறியுப்புக்கு ஏன் மேல்தட்டு? கறியுப்பென்றால் மூடியைச் சுற்றி ஏன் டேப் ஒட்ட வேண்டும்? அவர் தலை மறைந்ததும் விளக்கைக் கொளுத்தினேன். பச்சை.

ஒரு சோதனையை நம்பி நிறுத்துகிற பழக்கம் எனக்கில்லை. சிறு பரலைத் தண்ணீரில் கரைத்தேன். கண்ணாடி போலக் கரைந்தது. மக்னீசியம் சல்பேற்றுக் கரைசலில் ஒரு சொட்டு விட்டேன். விட்ட இடத்திலிருந்து பால் மாதிரி வெண்மை இறங்கி, கொஞ்ச நேரத்தில் அடியில் மாவாகப் படிந்தது. பச்சைச் சுவாலை, சல்பேற்றோடு வெள்ளை வீழ்படிவு. இரண்டும் சேர்ந்தால் வருவது பேரியம். புத்தகத்தில் மனப்பாடம் செய்த வரி கண்முன்னால் நடக்கும்போது கைதட்டத் தோன்றும். தட்டவில்லை. கையுறை போட்டிருந்தேன், அந்தக் கையுறையோடு மூக்கைக்கூடச் சொறியக் கூடாது.

பேரியத்தின் கதை வேடிக்கையானது. அதன் சல்பேற்று தண்ணீரில் கரையாது. வயிற்றைப் படம் பிடிக்க ஆஸ்பத்திரியில் அதையே குடிக்கக் கொடுப்பார்கள், வந்த வழியே போய்விடும். அதே பேரியம் குளோரைட்டாக இருந்தால் சட்டென்று கரைந்து இரத்தத்துக்குப் போகும். இரத்தத்திலிருக்கும் பொட்டாசியத்தைக் குறைக்கும். வாயைச் சுற்றி மரத்துப்போகும், வாந்தி வரும், கை கால் தளரும், இதயம் தாளம் தப்பும். தோலில் பட்டால் உடனே கழுவிவிடலாம். வாய்க்குள் போவதுதான் ஆபத்து. பார்வைக்கோ அசல் உப்பு. மணமும் கிடையாது. இதைவிட நல்ல மாறுவேடம் ஒரு நஞ்சுக்கு வாய்க்காது.

வெள்ளைத்தாளில் மண்டையோடு வரைந்து, கீழே 'நஞ்சு, தொடாதே' என்று எழுதி, போத்தலைச் சுற்றி இறப்பர் வளையம் போட்டு, பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டினேன். சேர் வந்ததும் நேரே கேட்பதென்று முடிவு. சனிக்கிழமை எனக்குப் பதுளையில் ஆங்கில வகுப்பு. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சிரமதானம். பெற்றோர்கள் வந்து புல்வெட்டி, வெள்ளையடித்து, துப்புரவு செய்கிற நாள்.

ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால் ஆய்வுகூடத்தில் பிளேன்டீ வாசம் இன்னும் போகவில்லை. வடித்த தேயிலைச் சக்கை கழுவுதொட்டியில். பிஸ்கட் தூள் மேசையில். சுவருக்கு வெள்ளையடிக்க அலமாரியை இழுத்து, போத்தல்களையெல்லாம் மேசையில் இறக்கிவைத்து, அதே மேசையில் தேத்தண்ணியும் ஊற்றியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அடுப்பும் குழாயும் ஒன்றாக இருக்கிற ஒரே அறை அதுதான். ஆய்வுகூடத்தில் சாப்பிடாதே, குடிக்காதே என்று சுவரில் எழுதியிருந்ததையும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டார்கள்.

ஜாம் போத்தல் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் நின்றது. பாதிதான் இருந்தது. நான் சுற்றிய காகிதத்தைக் காணவில்லை.

காகிதம் போனதுதான் என்னை உலுக்கியது. உப்பை யாரோ தெரியாமல் எடுக்கலாம். மண்டையோட்டை யார் கழற்றுவார்கள்? தெரிந்த ஆள்தானே? நேரே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். சேர் வாசலில் சட்டை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"சேர், அது கறியுப்பு இல்ல. பேரியம். பாதியக் காணோம்."

கையிலிருந்த சட்டை கொடியில் ஏறாமல் நின்றது. "ஆர் உமக்குச் சொன்னது?"

"சுவாலை சொல்லிச்சு."

"பிள்ளை, சும்மா பயப்பிடாதையும். இந்த ஈரக்காத்துக்குப் பரல் இறுகி அடங்கிப் போயிருக்கும். ஊருக்குள்ள போய்க் கதைச்சுத் திரியாதையும். பிறகு ஒரு தாய் தேப்பனும் பிள்ளையள இஞ்ச அனுப்பமாட்டினம்."

"நான் சுத்தின காகிதம் எங்க சேர்?"

"நான் காணேல்லை."

அது அடங்கவில்லை, அள்ளப்பட்டிருந்தது. பரல்களின் மேல் கரண்டி போன தடம் அப்படியே இருந்தது. ஆபத்தான இரசாயனங்களைப் பள்ளிக்கூடங்களில் வைத்திருக்காமல் திருப்பி ஒப்படைக்கும்படி மேலிடத்திலிருந்து அறிவித்தல் வந்தது எனக்குத் தெரியும், அறிவித்தல் பலகையில் நானே குத்தியது அது. சேர் ஒப்படைக்கவில்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. காகிதத்தைக் கிழித்து எறிந்ததும் அவர்தான் என்று மனத்துக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆனால் பாதி உப்பை அவர் என்ன செய்வார்? அள்ளியது வேறு ஆள்.

ஆய்வுகூடப் பூட்டுக்குத் திறப்பு வைத்திருந்த இன்னொருவர், பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற சித்தி. நாங்கள் இருக்கிற வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, அடுத்த லயம். அவர் வாசலில் வேலைத் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"சித்தி, நேத்து லேப்ல இருந்த ஜாம் போத்தல்ல கை வச்சது யாரு?"

தலைநிமிரவில்லை. "ஏன்?"

"வெள்ளையா இருந்துச்சே, அதுல பாதி இல்ல. யாரு எடுத்தா?"

"என்னடி இது, போலீசு மாதிரி நிக்கிற? அம்புட்டு ஜனம் வந்துச்சு. நாந்தான் திருடினேன்னு எழுதி ஒட்டியிருக்கா?"

"அது நஞ்சு சித்தி!"

"நஞ்சுன்னா பச்சப்புள்ளைங்க படிக்கிற எடத்துல எதுக்கு வைக்கிறீங்க? போ போ, எம் மூஞ்சிய ஆராஞ்சது போதும்."

முகத்தை ஆராய்ந்துகொண்டுதான் இருந்தேன். கேள்விக்குக் கோபம் வந்தது சரி. ஆனால் 'நஞ்சு' என்றதும் அலசிய துணியை அவர் மறுபடி சவர்க்காரத்தில் போட்டார். அலசின துணிக்கு எதற்குச் சவர்க்காரம்?

வெள்ளையான ஒன்றை எங்கள் ஆட்கள் எடுத்தால் எதற்கு எடுப்பார்கள் என்று யோசித்தேன். சீனிக்கு இல்லை, சீனிப் போத்தல் பக்கத்திலேயே இருந்தது. அப்படியென்றால் உப்பென்று எடுத்திருக்கிறார்கள். உப்பென்றால் சமையலறை. இருட்டுவதற்குள் லயத்து வீடுகளில் எல்லாம் உப்பைப் பார்த்துவிடலாம். சல்பேற்றுக் கரைசலை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, ஒரு கண்ணாடிக் கிளாசும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மழை பிடித்துக்கொண்டதில் நேரம் போய்விட்டது. முதல் வீட்டு வாசலில் ஏறும்போதே சாமி படத்துக்கு விளக்கு வைத்தாயிற்று. விளக்கு வைத்த பிறகு எங்கள் பக்கத்தில் உப்பு கைமாறாது. கேட்கிறவள் அந்த வீட்டு இலட்சுமியையே கேட்கிறாள் என்று கணக்கு.

"ஒரு சிட்டிகைதான் அத்தை. கடன் இல்ல. பாத்துட்டு இங்கயே ஊத்திட்டுப் போறேன்."

"பாத்துட்டா? உப்புல என்னடி பாக்கப் போற?"

"நல்ல உப்பான்னு."

"எங்க வூட்டு உப்பு நல்ல உப்பான்னு இவ பாக்கப்போறாளாம்! கையில என்ன அது தண்ணி?"

"மருந்து."

அதோடு முடிந்தது. நான் மூன்றாவது வாசலை எட்டுவதற்குள் என் புகழ் கடைசி வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. படித்த பிள்ளை, விளக்கு வைத்த நேரத்தில், கையில் ஏதோ தண்ணீரை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு உப்பு கேட்கிறது. யாருக்கோ செய்வினை வைக்கப் பழகுகிறது. ஒரு பாட்டி வாசல்படியில் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்தாள். நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன், அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டார்கள். அந்த விஷயத்தில் மட்டும் லயம் முழுக்க ஒற்றுமை.

கதவைத் திறந்து உள்ளே விட்டது ஒரே ஒருத்தி. எங்கள் அடுத்த வீட்டு மதினி, என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணனுக்குக் கொழும்பில் கடையில் வேலை. மதினி ஆறு மாதக் கர்ப்பம், அப்படியும் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"வா வா சூனியக்காரி. எனக்குச் செய்வினை வச்சாலாவது இந்த ஓங்கரிப்பு நிக்குதான்னு பாப்போம்."

உப்புச் சட்டியைத் தூக்கி முன்னால் வைத்தாள். கரைத்தேன், சொட்டு விட்டேன். தண்ணீர் தெளிவாக நின்றது. இன்னும் சொட்டு விட்டேன். தெளிவு.

"என்ன, நான் பொழச்சேனா?"

"ஒங்க வீட்டு உப்பு நல்லது மதினி."

"அப்பாடா. வேற எங்கயாச்சும் போய்ப் பல்லு படாம வா. எல்லாம் கடிக்கிற மாதிரி பேசுறாளுக."

அவளை என் மனக்கணக்கிலிருந்து அழித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். தூக்கம் வரவில்லை என்று எழுதினால் சம்பிரதாயமாக இருக்கும். வந்தது. காலையில் பெரட்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் செய்து காட்டுவது என்று தீர்மானித்ததும் நன்றாகவே வந்தது.

பெரட்டுக் களம் என்பது விடியற்காலையில் வேலைக்காரர்கள் கூடி நின்று பெயர் கொடுக்கிற இடம். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். மழை விட்டிருந்தது, அட்டைகளுக்குக் கொண்டாட்டமான காலை. ஒருத்தி கூடையை இறக்கி, இடுப்பிலிருந்த துணி முடிச்சை எடுத்து, கணுக்காலில் ஒற்றினாள். அட்டை சுருண்டு விழுந்தது. துணிக்குள் இருப்பது உப்பு. மழைக்காலத்தில் எங்கள் பெண்கள் அந்த முடிச்சு இல்லாமல் மலையேற மாட்டார்கள். முடிச்சு கரையக் கரைய நிரப்பிக்கொள்ள மடுவத்துக்குள்ளே ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் பொது உப்பு இருக்கும். யார் வீட்டில் மிஞ்சினாலும், எங்கே உப்பு கிடைத்தாலும், அந்த டின்னில் கொண்டுவந்து கொட்டுவது வழக்கம். பிறந்ததிலிருந்து பார்த்து வந்த காரியம். நான் சமையலறை சமையலறையாகத் தேடிய உப்பு இங்கே என் காலடியில் ஒற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த முடிச்சக் கொஞ்சம் குடுங்க!"

"ஆத்தி, இங்கயும் வந்துட்டாளா!"

பிடுங்காத குறையாக வாங்கி, கிளாஸ் தண்ணீரில் முக்கி எடுத்தேன். சொட்டு விட்டேன். பால்.

பெண்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள். கங்காணி வந்தார். "ஏம் புள்ள, ஒம் பரிச்சைய பள்ளிக்கூடத்துல வச்சுக்கக் கூடாது? ஆளு மலைக்குப் போற நேரத்துல என்ன வித்தை இது?"

"இன்னொரு முடிச்சு குடுங்க. ஒரே ஒரு முடிச்சு."

இரண்டாவதும் பால். நான் மடுவத்துக்குள் ஓடினேன். டின் மூடி திறந்துதான் இருந்தது. பக்கத்துப் பலகையில் ஒரு காகிதக் கூம்பு கசங்கிக் கிடந்தது. விரித்தால் உள்பக்கத்தில் என் மண்டையோடு. எழுத்து உள்பக்கம் போக மடித்து, கடலைக்குச் சுற்றுகிற மாதிரி கூம்பு சுற்றி, அதிலேயே நஞ்சை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சேர் கிழித்து எறிந்தார் என்று எழுதிய தீர்ப்பை அங்கேயே அடித்தேன். அவர்மேல் இருந்த மற்றச் சந்தேகத்தை அடிக்கவில்லை.

காகிதத்தோடு வெளியே வந்தபோது பெருக்குகிற சித்தி களத்தின் ஓரத்தில் நின்றார். யாரும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"சிரமதானத்தன்னைக்குப் புல்லுல அட்டை ஏறிருச்சு. உப்புன்னு எடுத்து ஒத்தினோம், விழுந்துச்சு. சும்மா மேசையில கெடக்குதேன்னு பாதிய டின்னுல கொண்டாந்து கொட்டினேன். காகிதத்துல இருந்த படம் புள்ளைங்க கிறுக்குனதுன்னு நெனச்சேன். நல்லதுதானே செஞ்சேன்? நீ வந்து போலீசு மாதிரி நின்னா எந்தச் சிறுக்கி வாயத் தொறப்பா?"

அட்டை விழுந்ததுதான் அவருக்குச் சாட்சி. விழும். எந்த உப்புக்கும் விழும்.

"சரி, இப்ப என்ன? கால்லதானே ஒத்துறோம்? அட்டை உப்ப யாரு வாயில வைப்பா?" என்றார் கங்காணி.

"அதானே!" என்று ஒருத்தி சிரித்தாள். "அட்டைக்கு வச்சத நம்ம திம்போமா?"

சிரிப்பு பரவி வந்து ஓர் இடத்தில் நின்றது. ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "மாசமா இருக்கவ நேத்து ஞாயித்துக்கெழம கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க வந்தப்ப டின்னுலருந்து ஒரு பொட்டணம் கட்டிக்கிட்டாளே. மலையில நெல்லிக்கா பொறக்கினா. காலைல எந்திரிச்சதும் ஓங்கரிச்சா கடிச்சுக்கலாம்னா."

நான் களத்தைப் பார்த்தேன். மதினி இல்லை.

மடுவத்திலிருந்து லயத்துக்கு இறக்கம். எப்படி இறங்கினேன் என்பது நினைவில்லை. காலில் செருப்பு ஒன்றுதான் மிஞ்சியது என்பது நினைவிருக்கிறது. மதினி பின்வாசலில் தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் குந்தியிருந்தாள். வாந்தி. என் அம்மா முதுகைத் தடவிக்கொண்டு, "புள்ளத்தாச்சிக்கு இதெல்லாம் வர்றதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் கடித்த நெல்லிக்காய், பக்கத்தில் பிரித்த பொட்டணம்.

"மதினி, வாய் எப்படி இருக்கு?"

"வாயா? ஒதடெல்லாம் மரத்த மாதிரி கெடக்கு. நெல்லிக்கா காறிப்போச்சுபோல."

நெல்லிக்காய் காறினால் உதடு மரக்காது. அம்மா இன்னும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இது மசக்கை இல்லம்மா."

லயத்து முனையிலிருந்த த்ரீவீலில் ஏற்றினோம். கங்காணியே பின்னால் ஓடிவந்து டிரைவரை அதட்டினார். பொட்டணத்தைப் பொலித்தீன் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். பதுளை வரைக்கும் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, பிடி தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். "இறுக்கிப் புடிங்க மதினி." "புடிச்சுத்தானே இருக்கேன்." "இன்னும் இறுக்கி." ஒவ்வொரு வளைவுக்கும் அந்தப் பிடி குறைந்த மாதிரி இருந்தது. என் பயமா, உண்மையா என்று பிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர். எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கொட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டார். பிறகு, இது பேரியம் என்று யார் சொன்னது, போத்தலில் பெயர் இருந்ததா என்றார். இல்லை என்றேன். பச்சைச் சுவாலை என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கேள்வி அப்படியே நின்றது. பெயரும் வகையும் உறுதியாகத் தெரிந்தால் வைத்தியம் வேகமாகும், உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள் என்றார்.

தொலைபேசியில் சேரின் இலக்கத்தை அழுத்தும்போது என் விரல் தயங்கியது. வெள்ளிக்கிழமை கறியுப்பு என்றவர். ஒப்படைக்காத பொருளை வைத்திருந்தேன் என்று அரசாங்க டாக்டரிடம் ஏன் ஒப்புக்கொள்வார்? வேலை போகலாம். அவர் மறுத்தால் என் பச்சைச் சுவாலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சாப்பிட்டவவோ? அந்தக் கர்ப்பிணிப் பிள்ளையோ?"

"ஓம் சேர்."

"போனை டொக்டரிட்டக் குடும்."

டாக்டர் கேட்டுக்கொண்டே ஒரு தாளில் எழுதினார். பேரியம் குளோரைட்டு, நீர் மூலக்கூறு சேர்ந்த பளிங்கு வகை, வேறெதுவும் கலக்காதது. பழைய போத்தலின் மூடி வெடித்ததால் தானே ஜாம் போத்தலுக்கு மாற்றியதாகவும், பிள்ளைகளுக்குச் சல்பேற்றுச் சோதனை காட்ட வேறு வழி இல்லாததால் ஒப்படைக்காமல் வைத்திருந்ததாகவும் அவர் சொன்னாராம். தன் பெயரையும் பதவியையும் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னாராம். பெயரையும் பதவியையும் டாக்டர் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னது.

அதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. மதினியின் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். இரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் இறங்கியிருந்தது, ஆனால் பிடிக்க முடியாத தூரத்துக்கு இல்லை. கையில் பொட்டாசியம் கலந்த சேலைன் ஏறியது. குடிக்கச் சல்பேற்று மருந்து கொடுத்தார்கள். நான் கிளாசில் பார்த்த அதே காரியம் இப்போது அவள் வயிற்றுக்குள் நடக்க வேண்டும். கரைவது கரையாததாக மாற வேண்டும். திரையில் கோடு துள்ளித் துள்ளி ஓடியது. நான் அதன் ஒவ்வொரு துள்ளலையும் சந்தேகித்தேன். ஒரு துள்ளல் கொஞ்சம் பிந்தினாலும் நர்ஸைக் கூப்பிட்டேன். கடைசியில் அவர் என்னைக் கதவுக்கு வெளியே ஒரு கதிரையில் உட்காரவைத்து, எழும்பாதே என்று சைகை காட்டினார்.

மதியத்துக்குப் பிறகு சேர் வந்தார். முகம் காய்ந்திருந்தது. களத்தில் கங்காணியை வைத்துக்கொண்டு எல்லா முடிச்சையும் டின்னையும் கையுறையோடு வாங்கியதாகவும், சல்பேற்றுக் கரைசலில் கொட்டி ஆய்வுகூடத்தில் பூட்டியதாகவும், அதிபருக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் தானே சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பெண்களையெல்லாம் கை கழுவவைத்தாராம். வேறொருவரும் வாயில் வைக்கவில்லையாம்.

"எல்லா முடிச்சும் வந்துச்சா சேர்?"

"வந்தது எண்டுதான் சொல்லினம்."

"அப்படின்னா எத்தினி?"

அவர் என்னைப் பார்த்தார். "நாளைக்கு நீரும் வந்து இன்னொருக்கா வீடு வீடாக் கேளும். என்னைவிட நீர்தான் அதுக்குச் சரி." அதில் குத்தல் இருந்ததா, பாராட்டு இருந்ததா, இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. பெருக்குகிற சித்தி வாசலில் நின்று உள்ளே வரத் தயங்குகிறார் என்றும் சொன்னார். போய் அழைத்து வந்தேன். அவர் மதினியின் காலைத் தொட்டுப் பார்த்தார், வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று.

அந்தி சாய்கிற வேளையில் டாக்டர் திரையைப் பார்த்துத் தலையசைத்தார். தாளம் சரியாகிவிட்டது, இரண்டொரு நாள் வைத்திருந்து அனுப்பலாம் என்றார். உதட்டு மரப்பு போய்விட்டதென்று மதினியே சொன்னாள்.

"புள்ள?" என்றாள் பிறகு. அன்று முழுவதும் அவள் கேட்காத கேள்வி அது. நானும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயத்தில்.

ஒரு மருத்துவிச்சி கையடக்கமான கருவியோடு வந்தார். வயிற்றில் ஏதோ கூழைத் தடவி, கருவியை அழுத்தி, இங்கும் அங்கும் நகர்த்தினார். இரைச்சல். வெறும் இரைச்சல். சித்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவிச்சி கருவியைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். இரைச்சலுக்குள்ளிருந்து குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்து, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

மருத்துவிச்சி சிரித்துக்கொண்டே கருவியை எடுத்துத் துடைக்கப் போனார்.

"மிஸ்," என்றேன் சிங்களத்தில், "அது அம்மாவோட துடிப்பு இல்லையே? புள்ளையோடதுதானா? இன்னொரு தடவை வச்சுப் பாருங்களேன்."

மதினி தலையணையிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். களைத்துப்போன கண்ணில் பழைய குறும்பு மெல்ல ஏறியது.

"வைங்க மிஸ், வைங்க," என்றாள் தமிழிலேயே. "இவ பாத்து ஒத்துக்கிட்டாத்தான் எம் புள்ள உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

மருத்துவிச்சிக்கு வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்தது. மறுபடியும் கூழ் தடவினார். ஒரு கையால் மதினியின் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கருவியை வைத்து, இரண்டும் வேறு வேறு வேகம் என்று எனக்குத் தலையசைத்துக் காட்டினார். நான் மதினியின் மற்ற மணிக்கட்டைப் பிடித்து நானே எண்ணிப் பார்த்தேன். வேறு வேறுதான். சின்னது அவசரத்தில் இருந்தது.